வாங்காதீர்கள் என்றதை வாங்கியது யார்?

“பொருள் வாங்கின சந்தோஷத்தோட வர்றவங்களை நான் பார்த்ததே இல்லை. என்கிட்ட வந்தவங்க எல்லாருமே எரிஞ்சு விழ வந்தவங்கதான்.”

இப்படிச் சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரிப்பாள் அவள். சொந்தப் பெயர் ஒன்று இருந்தாலும் அதைச் சொல்லி அவளை அழைத்தவர்கள் குறைவு. தெருவில், கடையில், கணவனின் நண்பர்கள் நடுவில், எல்லோருக்கும் அவள் ரிட்டர்ன் அக்காதான்.

வீட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடை ஒன்றில், நகரும் படிகளுக்குப் பின்னால், வெளிச்சம் கொஞ்சம் மங்கலான மூலையில் அவளுடைய கவுண்டர் இருந்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் நேராக அங்கேதான் வருவார்கள். மிக்ஸியைத் தூக்கி மேஜைமேல் டொம்மென்று வைப்பார்கள். “இதை ஒரு பொருள்னு வித்தீங்களா?” என்பார்கள். அவள் கோபப்பட மாட்டாள். “என்ன ஆச்சு, சொல்லுங்க” என்பாள். சொல்லச் சொல்லக் கேட்பாள்.

அப்படிப் பல வருடம் கேட்டதில் அவளுக்கு ஒன்று விளங்கியது. திரும்பி வந்த பொருள்களில் பாதிக்குமேல் பழுதே இல்லை. ஏழு பேர் சாப்பிடும் வீட்டுக்கு மூன்று பேருக்கான குக்கரை வாங்கியிருப்பார்கள். உள்ளே கை நுழையாத கெட்டிலை, சுத்தம் பார்க்கிற ஒருத்தி வாங்கியிருப்பாள். கைக்குழந்தை தூங்கும் வீட்டுக்குப் போன மிக்ஸி, லாரி மாதிரி சத்தம் போடும்.

“பொருளும் நல்ல பொருள், மனுஷங்களும் நல்ல மனுஷங்க. சேர்ந்த இடம்தான் தப்பு. சில கல்யாணம் மாதிரி” என்று கணவனிடம் சொல்வாள்.

“நம்ம கல்யாணத்தைச் சொல்லலையே?” என்று அவன் கேட்பான்.

“உங்களைத் திருப்பிக் கொடுக்கலாம்னா பில்லு காணோம்!”

அவன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் நடுவே இருட்டுக் குழாய் போன்ற இடத்தில் கம்பியில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவன். வீட்டுக்கு வந்தால் கிரீஸ் வாசனையும் சிரிப்பும்தான். ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

ஒருநாள் காலை அவள் வேலைக்குப் போனபோது கடையின் கண்ணாடிக் கதவுகளில் உள்பக்கமாகச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. வாசலில் நின்ற காவலாளி, “கடையை மூடிட்டாங்கம்மா” என்றான். யாரும் ஒரு வார்த்தை முன்னால் சொல்லவில்லை. கோபத்தோடு வந்த ஆயிரம் பேரைச் சமாதானம் செய்து அனுப்பியவளைச் சமாதானம் செய்ய அன்று அங்கே ஒரு கவுண்டர் இல்லை.

அந்த நாளைப் பற்றிக் கணவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். “லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது என்ன தெரியுமா? கதவை உதைக்காதீங்க. கொஞ்சம் மூச்சு விடுங்க. நான் வந்து திறக்கறேன்.”

ஆனால் அவளுக்கான கதவை அவளே திறந்தாள்.

இணையத்தில் ஒரு தொழில் இருக்கிறது என்று மகள்தான் ஃபோனில் சொன்னாள். பொருள் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் ‘அஃபிலியேட் புரோகிராம்’ என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதில் சேர்ந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு லிங்க் கொடுப்பார்கள். பொருளைப் பற்றிப் பேசி வீடியோ போட்டு, கீழே அந்த லிங்கை வைக்க வேண்டும். பார்ப்பவர்கள் அதை அழுத்திப் போய் வாங்கினால் பேசியவருக்குக் கமிஷன்.

“வாங்கினவங்க திருப்பி அனுப்பிட்டா?” என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

“கமிஷனும் திரும்பிப் போயிடும்மா.”

“அப்படின்னா இது என் வேலைதான்டி” என்றாள்.

அவளுடைய வீடியோக்கள் மற்றவர்களுடையதைப் போல இருக்கவில்லை. சமையல்மேடைதான் அரங்கம். ஜன்னல் வெளிச்சம்தான் விளக்கு. ஒவ்வொரு வீடியோவும் ஒரே மாதிரிதான் தொடங்கும். “இதை யார் வாங்கக்கூடாதுன்னு முதல்ல சொல்லிடறேன்.”

எந்தப் பொருளைப் பேச எடுப்பது என்பதில் அவள் கறாராக இருந்தாள். தன் கையால் ஒரு மாதமாவது புழங்காத பொருளை எடுக்க மாட்டாள். பழுதானால் சரிசெய்ய ஆள் உண்டா என்று அந்தக் கம்பெனியின் சேவை எண்ணுக்குச் சாதாரண வாடிக்கையாளர்போல் ஃபோன் செய்து பார்ப்பாள். எடுக்காவிட்டால் அந்தக் கம்பெனி அவள் வீட்டுப் படி ஏறாது. முடி வளரும் தைலம், மூட்டுவலி பெல்ட் என்று கொழுத்த கமிஷனோடு வந்தவர்களையும் விரட்டினாள்.

“எவ்வளவு தர்றான் பாரு!” என்று கணவன் ஒருமுறை வாயைப் பிளந்தான்.

“பேசற எனக்கே இவ்வளவு குடுக்கறான்னா, பொருளுக்குள்ள என்ன போட்டிருப்பான்? யோசிங்க.”

அவன் வாயை மூடிக்கொண்டான்.

இந்த உலகத்தில் அவளுடைய தன்னம்பிக்கையை அசைத்துப் பார்க்கிற தைரியம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. அவள் கணவனின் அக்கா. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அழகு நிலையம் நடத்துகிறவள். எல்லோருக்கும் அவள் பார்லர் அண்ணி. கல்யாணமாகி, கணவனை இழந்து, தனி ஆளாகக் கத்தரிக்கோலைப் பிடித்து நின்று ஜெயித்தவள். அந்தக் கத்தரிக்கோலைவிட அவள் நாக்குக்குத்தான் கூர் அதிகம். ரிட்டர்ன் அக்காவின் வீடு அதற்கு நேர்மேலே. பார்லரின் வைஃபைதான் மேல்வீட்டுக்கும்.

“வாங்கம்மா, வாங்க! இன்டர்நெட் முதலாளியம்மா வர்றாங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க!” என்று முகத்தில் கிரீம் பூசிக் கண்மூடிப் படுத்திருக்கும் வாடிக்கையாளர்களின் முன்னாலேயே அண்ணி ஆரம்பிப்பாள். “வாங்காதே வாங்காதேன்னு சொல்லிச் சொல்லியே விக்கிற ஒரே ஆளு இவதான். நான் இங்க ‘உங்க மூஞ்சிக்கு இதெல்லாம் ஆகாது’ன்னு சொன்னா எவளாவது இந்த நாற்காலியில உக்காருவாளா?”

“சொல்லிப் பாருங்க அண்ணி. அடுத்த தடவை உங்களைத்தான் தேடி வருவாங்க.”

“அடேங்கப்பா! வாய் மட்டும் வைஃபை இல்லாமலே வேலை செய்யுது.”

நாற்காலியில் படுத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். முகத்தில் பூசிய கிரீம் விரிசல் விடும். “சிரிக்காதீங்க, கோடு விழுந்துடும்” என்று அண்ணி அதற்கும் அதட்டுவாள்.

அவள் சேர்ந்திருந்த புரோகிராமில் கண்டிப்பான ஒரு விதி உண்டு. லிங்க் வைத்தவரின் வீட்டார் அதை அழுத்தி வாங்கக்கூடாது. தானே வாங்கித் தானே கமிஷன் எடுக்கிற ஏமாற்று வேலையைத் தடுக்க வைத்த விதி. கணவனிடமும் மகளிடமும் முதல் நாளே சொல்லிவிட்டாள். அண்ணியிடம் மட்டும் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. ‘தயவுசெஞ்சு வாங்கிடாதீங்க’ என்று சொன்னால், ‘நீங்க வாங்குவீங்கன்னு நினைச்சேன்’ என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்த நாக்குக்கு அதைவிட நல்ல தீனி வேறு என்ன வேண்டும்? அவள் ரோஷம் அவள் வாயைக் கட்டியது.

விற்பனை மெல்ல மெல்ல ஏறியது. குடும்பச் செலவில் அவள் பங்கு மறுபடியும் தெரிய ஆரம்பித்த நேரத்தில், பழைய கடையின் மேனேஜரிடமிருந்து ஃபோன் வந்தது. அவர் இப்போது நகரத்தின் மறுகோடியில் புதிதாகத் திறந்த ஒரு கடைக்குப் பொறுப்பு.

“கடை திறந்து கொஞ்ச நாள்தான் ஆச்சும்மா. ஆன்லைன்லயும் விக்கிறோம். திரும்பி வர்ற சாமானைச் சமாளிக்க முடியலை. ஒரு ரூம் பூரா குவிஞ்சு கிடக்கு. ரிட்டர்ன் பகுதிக்கு நீங்கதான் தலைமை. நிரந்தர வேலை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க, இல்லேன்னா வேற ஆளை எடுக்கச் சொல்றாங்க.”

“யோசிச்சுச் சொல்றேன் சார்” என்றாள். மரியாதைக்காகச் சொன்னது. மனதுக்குள் பதில் தயாராக இருந்தது. இன்னொருவர் ஒரே இரவில் செய்தித்தாள் ஒட்டி மூடிவிடக்கூடிய கதவுக்குள் அவள் மறுபடியும் போகப்போவதில்லை. தன் வாயும் தன் கண்ணும் போதும், பிழைத்துக்கொள்ளலாம்.

அந்த நினைப்போடுதான் மறுநாள் காலை மின்னஞ்சலைத் திறந்தாள்.

விதிமீறல் காரணமாக அவள் கணக்கு மூடப்பட்டது. வீட்டாரே வாங்கியிருக்கிறார்கள். சேர்ந்திருக்கும் கமிஷன் கிடைக்காது. அவள் வைத்த லிங்குகள் எதுவும் இனி அவளுடையவை அல்ல.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் அசையவில்லை. வழிந்த பால் தீயை அணைத்தபோதுதான் கை எழுந்து அடுப்பின் குமிழைத் திருகியது.

உதவி எண்ணுக்கு ஃபோன் செய்தாள். இளைய குரல் ஒன்று பணிவாகப் பேசியது.

“எங்க வீட்ல யாருமே வாங்கலைங்க. நம்புங்க.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க மேடம்.”

அந்த வார்த்தை அவள் நெஞ்சில் தைத்தது. ஏனென்றால் அது அவளுக்குத் தெரிந்த வார்த்தை. ‘நான் கீழே போடவே இல்லைங்க’ என்று நசுங்கிய பாத்திரத்தோடு நின்ற எத்தனை பேரைப் பார்த்து அவள் மனதுக்குள் அதையே சொல்லியிருக்கிறாள்! இன்று கவுண்டரின் மறுபக்கத்தில் அவள் நின்றாள்.

கணவன் வந்ததும் கேட்டாள். “நீங்க ஏதாவது வாங்கினீங்களா? மறைக்காம சொல்லுங்க.”

“நான் தொங்கற கம்பி மேல சத்தியம். உன் லிங்கைத் தொட்டதே இல்லை.”

அந்தச் சத்தியத்துக்கு மேல் கேட்க எதுவும் இல்லை. மகளும் ஃபோனில் அழாத குறையாக மறுத்தாள். பிறகு யார்?

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிற ரகம் இல்லை அவள். ஒரு பொருள் ஏன் திரும்பி வந்தது என்று துருவித் துருவியே வாழ்ந்தவள். சமையலறையில் நின்று யோசித்தாள். தன் விற்பனை ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். குழந்தைகளின் பிறந்த நாளைப்போல. காலையில் வீடியோ போட்டால், அன்று மதியத்துக்குள் ஒன்று விற்றிருக்கும். எப்போதும். முதல் விற்பனை விழுந்ததும் அவள் சந்தோஷத்தில், “வித்துடுச்சு!” என்று படிக்கட்டில் எட்டிப் பார்த்துக் கத்துவது வழக்கம்.

அப்படி முதலில் விற்ற ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. கைதவறி வாங்கியது, அளவு தவறியது, நிறம் பிடிக்காதது, எதுவுமே இல்லை. இத்தனை வருட அனுபவத்தில் அப்படிப்பட்ட வாடிக்கையாளரை அவள் பார்த்ததே கிடையாது.

அப்புறம் இன்னொன்று நினைவுக்கு வந்தது. கயிற்றை இழுத்துக் காய் நறுக்குகிற பிளாஸ்டிக் டப்பா. “இதை யாருமே வாங்காதீங்க. ஒரு வாரத்துல கயிறு அறுந்துடும், அப்புறம் டப்பாவுல பொத்தான்தான் போட்டு வைக்கணும்” என்று அறுந்த கயிற்றைத் தூக்கிக் காட்டி அவள் போட்ட வீடியோ. எதைத் தவிர்க்க வேண்டும் என்று மக்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் கீழே லிங்க் வைத்தாள். அன்று மதியம் அதுவும் ஒன்று விற்றது!

‘வாங்காதேன்னா வாங்கற அறிவாளி ஒண்ணு இருக்கு!’ என்று அன்று கணவனிடம் சொல்லிச் சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

வீடியோவைப் பார்த்தவர் யாரும் அந்த டப்பாவை வாங்கியிருக்க முடியாது. அப்படியென்றால் வாங்கியவர் வீடியோவைப் பார்க்கவே இல்லை. பொருள் என்ன என்றுகூடப் பார்க்கவில்லை. லிங்கை மட்டும் அழுத்தியிருக்கிறார். பொருள் வேண்டாம், ஆனால் விற்பனை மட்டும் நடக்க வேண்டும் என்று நினைக்கிற ஒரு ஆள். வீட்டார் என்று கம்பெனிக்குத் தோன்றும்படி, இந்த வீட்டு வைஃபையிலேயே இருக்கிற ஒரு ஆள்.

அவள் படிக்கட்டில் இறங்கினாள்.

பார்லரில் கடைசி வாடிக்கையாளர் அப்போதுதான் போயிருந்தாள். அண்ணி தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, உள்ளே இருக்கிற சாமான் ரூம் சாவியைக் குடுங்க.”

“எதுக்கு?”

“குடுங்க.”

“பூட்டு துருப்பிடிச்சுப்போச்சு. திறக்காது.”

“உங்க தம்பி வர்ற நேரம்தான். லிஃப்டையே திறக்கறவரு, இதைத் திறக்க மாட்டாரா?”

அண்ணியின் கையில் துடைப்பம் நின்றது. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள்.

கதவு திறந்தது. பழைய ஷாம்பூ கேன்களுக்கும் உடைந்த நாற்காலிக்கும் பின்னால், மேற்கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். ஒன்றின் ஒட்டுநாடாவும் கிழிக்கப்படவில்லை. குக்கர்கள். ஃபிளாஸ்குகள். வரிசையாகக் கெட்டில்கள். ஒரு மூலையில் அந்தப் பிளாஸ்டிக் டப்பா.

“என்ன அண்ணி இது?” என்றாள்.

“எனக்குத் தேவைப்பட்டுச்சு, வாங்கினேன். என் காசு.”

“இத்தனை கெட்டிலா? ஊருக்கே வெந்நீர் வைக்கப் போறீங்களா?”

“வைப்பேன். உனக்கென்ன?”

“என் கணக்கை மூடிட்டாங்க அண்ணி! வீட்டு ஆளுங்க வாங்கக்கூடாது. விதி. நான் திருடியாம். என் வாயால நான் கட்டினதையெல்லாம் நீங்க ஒரு விரலால அழிச்சுட்டீங்க!”

அண்ணியின் முகம் வெளிறியது. அவளுக்கு அந்த விதி தெரியாது. யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் ரோஷத்தால் சொல்லவில்லை.

“அப்போ என் விற்பனையெல்லாம் நிஜமில்லை. எல்லாம் நீங்க போட்ட பிச்சை. அப்படித்தானே?”

“பிச்சைன்னு இன்னொரு தடவை சொன்னே, பல்லு உதிர்ந்துடும்!” அண்ணி கத்தினாள். துடைப்பம் தரையில் விழுந்தது. “உன் கடையை மூடின அன்னிக்கு நேரா இங்கதானே வந்தே? மேல போகலை. ‘அண்ணி, தலையை அலசி விடுங்க’ன்னு இதோ இந்த நாற்காலியில சாஞ்சே. தண்ணியில அழுதா எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எத்தனை தலையை அலசின கை இது! எது குழாய்த் தண்ணி, எது கண்ணுலேர்ந்து வர்றதுன்னு இதுக்குத் தெரியாதா?”

அந்த அழுகையை அவள் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாத ரகசியம் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தாள்!

“புருஷன் போன புதுசுல நானும் அப்படித்தான் அழுதேன். என் தலையை அலசி விட யாரும் இல்லை.” அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நீ ஒவ்வொரு தடவையும் படிக்கட்டுல நின்னு ‘வித்துடுச்சு’ன்னு கத்துவே பாரு, அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்கினேன். என் பார்லர்ல அதைவிட நல்ல பாட்டு எது ஓடுது?”

“அப்புறம் எதுக்கு எல்லார் முன்னாலயும் என்னை அந்தக் கிழி கிழிச்சீங்க?”

“பின்னே? உன்னைக் கொஞ்சினா நீ என்னைத் திரும்பிப் பார்ப்பியா? சண்டை போட்டாத்தானே இறங்கி வந்து நாலு வார்த்தை பேசறே.”

பெட்டிகளின் நடுவே இரண்டு பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். சரியாக அந்த நேரத்தில் கருவிப் பையோடு உள்ளே வந்த லிஃப்ட் மெக்கானிக் அரண்டுபோனான்.

“ஐயையோ, என்ன ஆச்சு? யாருக்கு என்ன?”

“ஒண்ணும் ஆகலைடா. உன் பொண்டாட்டிக்கு நான் வாடிக்கையாளர்” என்றாள் அண்ணி.

அழுது முடித்ததும் ரிட்டர்ன் அக்காவுக்குள் ஒரு பயம் மட்டும் மிச்சம் இருந்தது. பாசம் பாசம்தான். ஆனால் அண்ணியைக் கழித்துவிட்டால் அவள் யார்? அவள் பேச்சை நம்பி வாங்கிய ஒரு மனிதராவது உண்டா? அப்படி யாரும் இல்லையென்றால், வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் தலையைக் குனிந்து ‘வரேன் சார்’ என்று சொல்வதுதான் நியாயம்.

மறுநாள் வீட்டு வேலைகளின் நடுவிலேயே அதைப் பிரித்துப் பார்த்தாள். மதியத்துக்குள் நடந்த முதல் விற்பனைகளையெல்லாம் மனதிலிருந்து தூக்கிப் போட்டாள். அதன் பிறகும் இருந்தன. நிறையவே இருந்தன. அப்போதுதான், திரும்பி வந்த சில பொருள்களும் நினைவுக்கு வந்தன. ஃபிளாஸ்க் என் கைக்குக் கனமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டு, ‘நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும் அக்கா’ என்று வீடியோவின் கீழே எழுதிய ஒரு பெண். குக்கரை மாற்றிப் பெரியதாக வாங்கிக்கொண்ட ஒரு விடுதிக்காரர்.

அவர்கள் அண்ணி இல்லை! நிச்சயமாக இல்லை. கமிஷனை இழக்க வைத்த அந்த முகம் தெரியாத மனிதர்களை நினைத்து வாழ்க்கையில் முதல்முறையாக அவள் சந்தோஷப்பட்டாள். திருப்பி அனுப்புகிறவர்கள் பொய்யானவர்களாக இருக்க முடியாது. அவளை நம்பி வந்தவர்கள் வெளியே இருக்கிறார்கள்.

புரோகிராமின் உதவி எண்ணுக்கு மறுபடியும் ஃபோன் செய்தாள். இம்முறை வாதாடவில்லை. “நான் சொன்னது தப்பு. என் நாத்தனார் வாங்கியிருக்காங்க. விதி தெரியாம. அந்தக் கமிஷன் எனக்கு வேண்டாம்” என்று நடந்ததைச் சொன்னாள்.

அந்த இளைய குரல் அவளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மேலதிகாரியிடம் கேட்டு வந்தது. “உண்மையைச் சொன்னதுக்கு நன்றி மேடம். ஆனா மூடினதைத் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை. மேல கேட்டும் பார்த்துட்டேன்.”

“பரவாயில்லைம்மா. உங்க சட்டம் சரியான சட்டம்தான்” என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

தன் தவறு எங்கே என்று இப்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு கரண்டியைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டவள், புரோகிராமைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் சேர்கிறார்கள் என்று தானும் சேர்ந்து, எல்லா லிங்கையும் அந்த ஒரே ஆணியில் மாட்டிவிட்டாள். ஆணி பிடுங்கிக்கொண்டதும் எல்லாம் விழுந்தது.

இனிமேல் அப்படி இல்லை. சின்னச் சின்னக் கம்பெனிகளின் சொந்தப் புரோகிராம்களைத் தேடினாள். பொருளைச் சோதிப்பதுபோல் அவற்றையும் சோதித்தாள். ஏதாவது தகராறு என்றால் பேச மனிதர் உண்டா? திருப்பி அனுப்ப மக்களுக்கு எத்தனை நாள் தருகிறார்கள்? அந்த நாளைக் குறைக்கிற கம்பெனி தன் பொருளைத் தானே நம்பவில்லை என்று அர்த்தம், வேண்டாம்.

ஒரு குக்கர் கம்பெனியின் பெண் அதிகாரி ஃபோனில் இனிக்க இனிக்கப் பேசினாள். “எல்லாம் சரி மேடம். ஆரம்பத்துல ‘யார் வாங்கக்கூடாது’ன்னு சொல்றீங்களே, அதை மட்டும் எடுத்துடுங்க. கமிஷனைக் கூட்டித் தர்றோம்.”

“அதை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது நானில்லைங்க. நன்றி.”

பக்கத்தில் நின்ற அண்ணி, “கூட்டித் தர்றேங்கறாங்க, வேண்டாங்கறியே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“நீங்க பேசக்கூடாது. இனிமே என் லிங்க் பக்கம் உங்க விரல் வந்தா, கையைக் கட்டிப் போட்டுடுவேன்.”

“ஆத்தி! வாடிக்கையாளரை இப்படியா மிரட்டறது?”

ஃபிளாஸ்க் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி அவள் நிபந்தனைகளை அப்படியே ஏற்றுக்கொண்டது. மிக்ஸி உதிரிபாகம் விற்கிற இன்னொன்றும் ஏற்றது. பழைய வீடியோக்களின் கீழே ஒவ்வொன்றாக லிங்கை மாற்றினாள். ஒரு புதிய வீடியோவில் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அன்று மதியம் எதுவும் விற்கவில்லை. கீழே பார்லரில் அண்ணி கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மாலையில் ஒரு ஃபிளாஸ்க் விற்றது. யாரோ. முகம் தெரியாத யாரோ! அவள் படிக்கட்டுக்கு ஓடவில்லை. சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பதிலை ஃபோனில் சொல்லியிருக்கலாம். அவள் நேரில் போனாள்.

புதுக் கடையில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. மேனேஜர் தன் அறையில் மேஜைமேல் அவளுக்கான சீருடையைக்கூட மடித்து வைத்திருந்தார்.

“வாங்கம்மா. அளவு சரியா இருக்கும்னு நினைக்கிறேன்.”

“சார், நான் வேலைக்கு வரலை.”

அவர் முகம் தொங்கிப்போனது. “சம்பளம் பத்தலையா? சொல்லுங்க, பேசிப் பார்க்கலாம்.”

“அதெல்லாம் இல்லை. எனக்குன்னு ஒரு வேலை இருக்கு சார், அது நல்லா நடக்கும். உங்க கடை ஆன்லைன்ல விக்கறதுக்கு அஃபிலியேட் புரோகிராம் வச்சிருக்கீங்கல்ல? அதுல சேரலாமா வேண்டாமான்னு பார்க்க வந்தேன்.”

மேனேஜர் அவளை உற்றுப் பார்த்தார். வேலை கேட்டு வர வேண்டியவள், கடையைத் தேர்வு செய்ய வந்திருக்கிறாள்! அவருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. இழுப்பறையிலிருந்து வழவழப்பான ஒரு தாளை எடுத்தார். “எங்ககிட்ட ரொம்ப நல்லா போற சாமானெல்லாம் இதுல இருக்கு. இதுக்குத்தான் கமிஷனும் அதிகம். இதையே எடுத்துக்குங்க.”

அவள் அந்தத் தாளைக் கையில்கூட வாங்கவில்லை.

“போனது எனக்கு வேண்டாம் சார். திரும்பி வந்தது ஒரு ரூம் பூரா கிடக்குன்னு சொன்னீங்களே, அதைக் காட்டுங்க. எதை யார் வாங்கக்கூடாதுன்னு அதுலதான் தெரியும்.”

“அம்மா, அது… கடைக்கு வெளியே யாருக்கும் அதைக் காட்டறது இல்லை.”

“அப்போ சேர மாட்டேன்.”

அவள் எழுந்துவிட்டாள். விளையாட்டுக்கு அல்ல, உண்மையாகவே கதவு வரை போய்விட்டாள். மேனேஜர் பெருமூச்சு விட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். இரண்டு நடைபாதை தாண்டி, சரக்கு லிஃப்டுக்குப் பக்கத்தில், அந்த அறையைத் திறந்து விளக்கைப் போட்டார்.

நசுங்கிய பெட்டிகள், வாய் பிளந்த பெட்டிகள், ஒருமுறைகூடத் திறக்காமலே திரும்பிய பெட்டிகள். எதை யார் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று கேட்க ஆளில்லாமல் கூரை வரை குவிந்து கிடந்தன. பார்த்த மாத்திரத்தில் மேனேஜருக்குத் தலை சுற்றியது. அவளுக்குச் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது.

தோளிலிருந்த கைப்பையைக் கழற்றினாள்.

“இதைக் கொஞ்சம் பிடிங்க சார்” என்று அவர் கையில் கொடுத்துவிட்டு, முதல் பெட்டியை இறக்கினாள்.